கல்லை விழுங்கும் டயர்

4 செப்டம்பர்

நெவிலின் சைக்கிள் கடைக்குள் இன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தேன். கொராபினில் பிறந்து அறுபத்தொன்பது வயது வரை அந்தப் படியை மிதிக்காமலே காலம் தள்ளியாயிற்று. அவன் அத்தை டோரீன் 1963-ல் பள்ளிக்கூட ஊஞ்சலிலிருந்து என்னைத் தள்ளிவிட்டதில் போன முன்பல்லின் ஓட்டை இன்னும் என் வாயில் இருக்கிறது. டோரீன் செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பல் திரும்பி வரவில்லையே.

பழைய ரயில் பாதையில் நெடுந்தூரம் போக ஒரு சைக்கிள் வேண்டும் என்றேன். நெவில் முதலில் என் முழங்காலைப் பார்த்தான். அப்புறம் ஊரே கேட்பதைக் கேட்டான்.

"மருமகனோட பிக்கப் வண்டிய இடிச்சதுக்கு லைசென்ஸ திருப்பித் தரவே மாட்டாங்களா வெர்னா?"

"ரெண்டு வருஷத்துக்குத் தரமாட்டாங்க. இடிச்சது தப்பில்ல. அவன் உள்ள இல்லாத நேரமாப் பாத்து இடிச்சதுதான் தப்பு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். பேட்டரி சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். காட்டு நடுவில் பேட்டரி செத்தால் மரத்திலா சொருகுவது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

5 செப்டம்பர்

முழங்கால் வலி. கிடக்கட்டும்.

9 செப்டம்பர்

டெஸ்ஸா மெல்பர்னிலிருந்து பேசினாள். என் பேத்தி, என் மகள் ரேலீனின் ஒரே பெண். பத்தொன்பது வயது. ரேலீன் இருக்கும் அந்தப் பண்ணைக்கு இனித் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். "அம்மா கையில மறுபடியும் மாவுக்கட்டு பாட்டி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ரேலீன் வராந்தாப் படியில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறாள். மகளிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். நடந்தது ஒரு கேட்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்: கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. கன்றுகள் வெளியே போய்விடுமோ என்று ரேலீன் ஒரு கேட்டை மூடியிருக்கிறாள். அது ரயில் பாதை மேல் அவள் புருஷன் கிளென் திறந்து வைத்திருந்த கேட். அவன் மோட்டார் பைக்கில் அந்தப் பாதையில் தலையைக் குனிந்துகொண்டு பறப்பவன். அன்று கம்பிக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் பிடித்து நின்றிருக்கிறான். இறங்கி வந்து, அவள் மணிக்கட்டை அதே கேட் கட்டையின் மேல் வைத்து, கீழே அழுத்தியிருக்கிறான். நான் திறந்து வெச்சது திறந்தே இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே அழுத்தினானாம். கோபமாகக்கூட இல்லையாம்.

கான்ஸ்டபிள் லிண்ட்டுக்குப் போன் போட்டேன். அவன் கிளெனோடு கிரிக்கெட் ஆடுகிறவன். உங்கள் மகளே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு, மிஸஸ் டிரெவிக் என்றான். அவள் வாயை எப்படித் திறப்பாள்? கார் சாவி அவன் சட்டைப்பையில். ரோடு அவன் தம்பி வீட்டு வாசலைத் தாண்டித்தான் வருகிறது. நான் போகலாம் என்றால், பிக்கப் விவகாரத்துக்குப் பிறகு என் மேல் தடை உத்தரவு. அவன் வீட்டுப் பக்கமே நெருங்கக் கூடாது. அடித்தவனுக்கு உத்தரவு கிடையாது, இடித்தவளுக்கு உண்டு.

ஆனால் ரயில் பாதை அவன் நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பிடுங்கி, சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள். அவன் வருடக்கணக்கில் எதிர்த்தான். தோற்றான். பாதை அரசாங்க நிலம். யார் வேண்டுமானாலும் போகலாம். கிழவிகளும் போகலாம்.

13 செப்டம்பர்

நெவில் மேஜை மேல் மூன்று டயர் பரப்பினான். ஒல்லி, நடுத்தரம், தடி. பாதை எப்படி என்று விரல் நீட்டிச் சொன்னான்: முதலில் அரைத்த கருங்கல் தூள், அப்புறம் பழைய நிலக்கரிச் சாம்பல், மலையை வெட்டிப் பாதை போட்ட மலைவெட்டில் வெறும் ஜல்லி, கடைசியில் மணல். ஒல்லி டயர் ரோட்டுக்கு வெர்னா, இங்கே கத்தி மாதிரி இறங்கும் என்றான்.

நான் ஒல்லியையே எடுத்தேன். என் அப்பா டயரைக் கல்லாகும் வரை பம்பு அடிப்பார். விரல் அமுங்கினால் அது சைக்கிள் இல்லை, மெத்தை என்பார். பழைய நீலச் சைக்கிள் ஒன்று பேசி முடித்தேன். நெவில் இன்னொரு முறை வாயைத் திறந்தான். உங்க குடும்பத்து யோசனையில ஏற்கெனவே ஒரு பல்லு போச்சு என்றேன். மூடிக்கொண்டான்.

16 செப்டம்பர்

மலைவெட்டில் விழுந்தேன். கல் மாதிரி அடித்த டயர் கல் மேல் ஏறியது, வழுக்கியது, முன்சக்கரம் தனியாக ஒரு பக்கம் போனது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து ஜல்லியில் ஒட்டிக்கொண்டது. சதைக்குள் போன கரித்தூளைச் சமையலறைத் தொட்டியில் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். தேய்க்கும்போது கிளென் பெயரைச் சொல்லித் தேய்த்தேன். வலி கொஞ்சம் உபயோகமாக இருந்தது.

17 செப்டம்பர்

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். நான் சொன்னேனே என்று நெவில் சொல்லவில்லை. அது அவன் கணக்கில் ஒரு நல்லது. ஒல்லி டயரைக் கழற்றி எறிந்துவிட்டு அகல டயர் மாட்டினான். காற்றடித்தான், அப்புறம் பாதியைத் திறந்துவிட்டான். என் கட்டைவிரலைப் பிடித்து டயர் மேல் வைத்து அழுத்தச் சொன்னான்.

"கல்லு மேல ஏறக் கூடாது வெர்னா. கல்ல டயரு விழுங்கணும். விழுங்கிட்டு அடுத்த கல்லுக்குப் போகணும்."

அப்பா சொன்னது தப்பு. அப்பா செத்துப் பல வருடம் கழித்து அவர் மேல் இன்று ஒரு கோபம் சேர்ந்தது.

24 செப்டம்பர்

மேக்பைப் பறவை கொத்திவிட்டது. குஞ்சு பொரிக்கும் காலம். சாம்பல்மேட்டு யூகலிப்டஸ் மரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து காதைக் கிழித்துவிட்டுப் போனது. திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவது தடவை. ரத்தம் கழுத்து வழியாக உள்ளே போய்விட்டது. பறவை கிட்டே வராமலிருக்க, ஊரில் எல்லோரும் செய்வதுபோல ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் வார்களைக் குத்திட்டு நிற்க வைத்துக் கட்டிக்கொண்டேன். முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறேன்.

அந்தப் பறவை முகத்தை மறக்காதாம். அடுத்த வருடமும் அதே ஆளைத்தான் தேடி வருமாம். அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

30 செப்டம்பர்

பண்ணைக்குப் போய்விட்டேன். நேற்று கிளம்பி, பழைய ஸ்டேஷன் கொட்டகையில் தகரத்துக்கு அடியில் படுத்து, இன்று மத்தியானம் அவன் நிலத்துக்குள் முன்பு ரயில் நின்ற இடமான டூகல் சைடிங்கைத் தொட்டேன்.

இன்று ஃபுட்பால் ஃபைனல். இந்த மாநிலத்தில் ஆண்பிள்ளை என்று பேர் வைத்த ஒவ்வொருவனும் டிவி முன்னால் இருப்பான். அதைப் பார்த்துத்தான் நாள் குறித்தேன். கிளென் தம்பி வீட்டில் இருந்தான். அவன் நிலத்துக்குள் நுழையும் கேட்டும் நிலத்தை விட்டு வெளியேறும் கேட்டும் ஆவென்று திறந்து கிடந்தன. இரண்டிலும் பாதை நிர்வாகத்தின் மஞ்சள் பலகை: தயவு செய்து கேட்டை மூடவும். அதை இங்கே எவரும் மதிப்பதில்லை. அது பட்டணத்துக்காரன் எழுதியது.

ரேலீன் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வலது கையில் மாவுக்கட்டு, கண்ணைச் சுற்றி மஞ்சளாகிப்போன பழைய காயம். என் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டாள். அதையும் நான் பார்த்துக்கொண்டேன்.

வா என்றேன். அக்டோபர் கடைசி வியாழன் காளைச் சந்தை, அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருட்டும் வரை வர மாட்டார்கள் என்றாள். அதை அவளே முன்கூட்டி யோசித்து வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அவளால் சைக்கிள் ஓட்ட முடியாது.

"பிரேக் பிடிக்கக் கை இல்லம்மா. எதையும் பிடிக்கத் தெம்பில்ல. பின்னால சும்மா உக்காந்து வர்றதுன்னா வரேன்."

அப்போது மோட்டார் பைக் சத்தம். அவன் அணி தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டான்.

கிளென் கத்துகிற ஜாதி இல்லை. இறங்கி, கையுறையைக் கழற்றி, பெட்ரோல் டாங்க் மேல் வைத்தான். இது யாரு எடம் என்று கேட்டான். அரசாங்கத்தோடது என்றேன். சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தான். குனிந்து, என் பின் டயரின் பக்கவாட்டில் சொருகினான். அப்புறம் முன் டயர்.

"காத்து எல்லாருக்கும் பொதுதானே கிழவி" என்றான்.

பிறகு வேலியைத் தாண்டி, கன்றைப் பிடிப்பதுபோல ரேலீனைப் பின்கழுத்தில் பிடித்து வீட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போனான். அவள் திரும்பவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

என் கையில் பம்பு இருந்தது. இரும்புப் பம்பு. அவன் முதுகு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் அடிக்கவில்லை? — அடித்திருந்தால் கடைசி வியாழனன்று நான் ஜெயிலில் இருப்பேன். பம்பைப் பைக்குள் வைத்தேன். ஆயுசில் அவ்வளவு கனமான எதையும் நான் கீழே வைத்ததில்லை.

1 அக்டோபர்

பல்லாரட்டிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி காப்பாற்றினார்கள். புது டியூப் இரண்டு கொடுத்தார்கள். கத்திக் கிழிசலில் டியூப் பிதுங்கிவிடுமே என்றேன். அந்தப் பெண் ஐந்து டாலர் நோட்டுகளை மடித்து டயரின் உட்பக்கம் கிழிசல் மேல் வைத்தாள். எங்கள் நாட்டு நோட்டு பிளாஸ்டிக், கிழியாது. அந்த நோட்டு மேலேயே வீடு வரை வந்து சேர்ந்தேன். முள்ளா என்று கேட்டார்கள். ஆமாம், பெரிய முள் என்றேன்.

3 அக்டோபர்

நெவில் டயரைக் கழற்றி, கிழிசலைப் பார்த்து, விரலை உள்ளே விட்டு வெளியே எடுத்தான். முள்ளு இப்பிடிக் கிழிக்காது என்றான். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். டோரீனின் ஹாக்கிங் குடும்பத்துக்காரன் ஒருவனிடம்.

அவன் மேலே பார்த்தான். உத்தரத்தில், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, தூசியும் சிலந்தி வலையுமாக. அவனும் அவன் பெண்டாட்டி பெவ்வும் ஓட்டியது. பெவ் அவனை விட்டுப் போனதே அந்தச் சைக்கிளால்தான் என்கிறார்கள். முன்னால் உட்கார்ந்த இவன் ஒரு குழியைக்கூடப் பின்னால் இருப்பவளுக்குச் சொன்னதில்லையாம். குலுங்கிக் குலுங்கி முதுகு போய் ஒருநாள் இறங்கியவள் நேரே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாம் முன்னால. பின் சீட்டுக்கு மிதிக்கிற வேலை மட்டுந்தான். எங்க போறோம்னுகூடத் தெரியாது, முன்னால இருக்கறவ முதுகுதான் தெரியும். நம்பி உக்காரணும்" என்றான்.

அவளுக்கு அது பழக்கம் என்றேன்.

7 அக்டோபர்

டயர் பேச்சு மட்டும் முழு மத்தியானம். இரண்டு ஆள் பாரத்துக்கு நாற்பது கம்பிச் சக்கரம், இரண்டு அங்குல டயர். நெவில் முட்டுமுட்டாகப் பல் வைத்த டயரைக் கொண்டுவந்தான், மணலில் பிடிக்கும் என்று. வேண்டாம் என்றேன். அந்தப் பல் மணலில் ஏணி மாதிரித் தடம் போடும். கிளென் ஓடிப்போன மாட்டைக் குளம்புத் தடம் பார்த்தே பிடிப்பவன். நடுவில் வழவழப்பாக, ஓரத்தில் மட்டும் பல் வைத்தது வேண்டும். நெவில் உள்ளே போய் வேறு ஜோடி எடுத்து வந்தான்.

உள்ளே டியூப் கிடையாது. அதற்குப் பதில் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றினான். போன கோடையின் நெருஞ்சி முள் இன்னும் பாதை ஓரமெல்லாம் கிடக்கிறது. முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டைக்கு ஓடி உறைந்து அடைத்துக்கொள்ளுமாம். குத்து வாங்கிக்கொண்டே ஓடும் டயர். எடுத்துக்கொண்டேன்.

11 அக்டோபர்

பழகினோம். நெவில் பின்னால். முன்னால் இருந்து குழி என்று கத்த வேண்டும், கல் என்று கத்த வேண்டும், நிறுத்தப்போகிறேன் என்று கத்த வேண்டும். எனக்கு யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்து பழக்கமில்லை. மூன்று தடவை விழுந்தோம். நான்காவது தடவை அவன் மூக்கில் ரத்தம். "பெவ் பட்டது இதுதானா" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் துடைத்தான். பாவமாக இருந்தது. டோரீன் கணக்கில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

19 அக்டோபர்

கனவில் கிளென் முகத்தின் மேல் டயர் ஏற்றினேன். மெதுவாக. அகலமான டயர்.

25 அக்டோபர்

கிளம்புகிறேன். சாண்ட்விச், ஃபிளாஸ்கில் டீ, பம்பு. கூட்டிக்கொண்டு திரும்பி வருவதில்லை. அவன் முதலில் தேடும் இடம் என் வீடு. மேற்கே, பாதையின் மறுகோடி வின்யாலாவுக்குப் போய் ரயில் பிடித்து டெஸ்ஸாவிடம். நெவில் டயரை விரலால் அழுத்திப் பார்த்தான். ஒருத்தி போகும்போது இப்படி, இரண்டு பேர் ஏறியதும் இன்னும் கொஞ்சம் அடி என்றான்.

27 அக்டோபர்

ரயிலில் எழுதுகிறேன். எதிரில் ரேலீன் தூங்குகிறாள். எல்லாம் மறக்கும் முன் எழுதிவிட வேண்டும். நான் எதை மறந்தேன்? சரி, இருந்தாலும்.

நேற்று வியாழன் மத்தியானமே டூகலுக்கு வந்துவிட்டேன். உள்ளே நுழையும் கேட் திறந்திருந்தது. திறந்தபடியே விட்டேன். ஆனால் கிளென் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தான். தம்பி பெண்டாட்டி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். பாதைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் பாலத்துக்குள் சைக்கிளோடு ஒளிந்துகொண்டேன். பழுப்புப் பாம்பு ஒன்று உள்ளே வந்தது. பம்பால் தலையை அடித்தேன், அது ஓய்ந்த பிறகும் அடித்தேன். அது பாம்புக்காக மட்டும் இல்லை.

சாயங்காலம்தான் அவள் போனாள். ரேலீன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள், ஒரு தலையணை உறைக்குள் துணி. சைக்கிளைப் பார்த்து, இது நெவிலோடதுல்ல? என்று கேட்டாள். ஏறு என்றேன். முதல் மிதியிலேயே சாய்ந்தோம், அவள் மாவுக்கட்டு தரையில் இடித்தது. சத்தம் போடவில்லை. வலிக்குச் சத்தம் போடாமல் இருக்க அவனிடம் பழகியிருக்கிறாள். இரண்டாவது தடவை ஓடியது.

நிலத்தை விட்டு வெளியேறும் கேட்டும் திறந்திருந்தது. கட்டைகளில் முறுக்கிய கம்பி, அவ்வளவுதான் அந்தக் கேட். தாண்டினேன். நின்றேன். இறங்கினேன்.

மேற்கே சூரியன் பாதையின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்த்து வருகிறவனுக்குக் கண்ணில் நெருப்பு. கம்பி தெரியாது. அதைப் பார்த்தேன். மஞ்சள் பலகையையும் பார்த்தேன்.

"அம்மா, வேணாம். திறந்திருந்தா திறந்தே இருக்கணும்" என்றாள் ரேலீன். இடது கையால் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

கேட்டை இழுத்து மூடினேன். சங்கிலியைக் கொக்கியில் மாட்டினேன். ஏறி மிதித்தேன்.

ஒரு மைல் போயிருப்போம். நெருஞ்சி பின் டயரில் ஏறியது. சீறியது, பால் தெறித்தது, அடைத்துக்கொண்டது, நிற்கவே இல்லை. மேட்டில் ஏறும்போது மோட்டார் பைக் சத்தம் கேட்டது. சந்தையிலிருந்து சீக்கிரமே தம்பி வீட்டுக்கு வந்திருப்பான், தம்பி பெண்டாட்டி திரும்பி வந்து பார்த்துப் போன் போட்டிருப்பாள். முழு வேகம். அந்த இன்ஜினை எனக்குத் தெரியும். நான் மிதித்தேன்.

அப்புறம் அந்தச் சத்தம். கம்பி அறுகிற சத்தம், பியானோ மேல் கல் விழுந்தது மாதிரி. அப்புறம் இன்ஜின் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"நிறுத்தும்மா" என்றாள் ரேலீன்.

நான் மிதித்தேன்.

"அம்மா நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல."

பிரேக் என் கையில். பின் சீட்டில் அவளுக்கு ஒன்றும் கிடையாது. அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டாள், சங்கிலி கனத்தது, அவள் காலையும் சேர்த்து நானே மிதித்தேன். என் முதுகில் இடது கையால் அடித்தாள். வலித்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அடித்து நான் திருப்பி அடிக்காமல் இருந்தது அது ஒன்றுதான். — அப்போது எனக்கு உறைத்தது. இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் கேட்காமல் இழுத்துக்கொண்டே போகிறேன். இது யார் செய்கிற வேலை?

நிறுத்தினேன். மேட்டின் உச்சி, அங்கே போனுக்கு சிக்னல் உண்டு. போனை அவளிடம் கொடுத்தேன். திரும்பிப் போகணும்னா போ, நான் கூட வரேன் என்றேன். மனதாரச் சொன்னேனா? தெரியவில்லை. சொன்னேன்.

அவள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூன்று பூஜ்யம் அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். டூகல் சைடிங், மேற்குக் கேட், மோட்டார் பைக், ஒரு ஆள், சீக்கிரம் வாங்க என்றாள். நீங்க யாரு என்று கேட்டிருப்பார்கள். போனை வைத்துவிட்டாள்.

பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், கொஞ்சம் அடிக்கணும் என்றாள். அடித்தேன். ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டு" என்றாள்.

2 நவம்பர்

டெஸ்ஸா வீட்டுக்கு லிண்ட் போன் போட்டான். கிளெனுக்குத் தாடை, காறையெலும்பு, முழங்கால், வலது மணிக்கட்டு எல்லாம் உடைந்திருக்கிறதாம். மணிக்கட்டு இரண்டு இடத்தில். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் பேச முடியாதாம். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

கேட்ட மூடினது யாரு மிஸஸ் டிரெவிக் என்றான்.

நான்தான் என்றேன். மூடணும்னு பலகையில போட்டிருக்கு. ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன், அந்த அளவுக்குப் படிக்க வரும். மோட்டார் பைக் வரக் கூடாதுன்னுகூட அதே பலகையில கீழ போட்டிருக்கே, நீ பாத்ததில்லையா?

ரேலீன் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "வராந்தாப் படி இல்ல. கிளென்தான். எழுதிக்கிறியா, நான் சொல்றேன்" என்றாள். ரொம்ப நேரம் சொன்னாள். எனக்குத் தெரியாததும் இருந்தது. நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

12 நவம்பர்

டெஸ்ஸா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று கேட்டுவிட்டாள். அவர் செத்திருந்தா பாட்டி?

சாகல என்றேன்.

அது பதில் இல்ல என்றாள். இல்லைதான்.

14 டிசம்பர்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை குச்சியாக இருக்கிறது. நெவில் பழைய பிரேக் பிடி ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருந்தான். டிவி பார்க்கும்போது அதை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள். கிளிக், கிளிக். எனக்குத் தலைவலி. நிறுத்தச் சொல்லவில்லை.

9 பிப்ரவரி

கோர்ட். இப்போது உத்தரவு அவன் மேல். குச்சி ஊன்றி வந்தான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த முகத்தை மறக்க மாட்டேன், அவனும் மறக்க மாட்டான். பண்ணையைத் தம்பி பார்த்துக்கொள்கிறானாம்.

17 மார்ச்

சைக்கிளை நெவிலிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரயிலில் ஏற்றி அனுப்பலாம் என்றேன். ஓட்டிக்கொண்டே போவோம் என்றாள் ரேலீன். வின்யாலாவில் டயரை அழுத்திப் பார்த்து, காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு, முன் சீட்டில் அவளே ஏறிக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு நாளாக அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். குழி என்கிறாள். கல் என்கிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள், ஒன்றைக்கூட விடுவதில்லை.

இன்று மத்தியானம் டூகல். மேற்குக் கேட்டுக்குப் புதுக் கம்பி, புதுக் கட்டை. திறந்து கிடந்தது. நான் மனதில் பல தடவை ஓட்டிப் பார்த்த இடம். இறங்க வேண்டும், அந்தக் கட்டையைக் கையால் தொட வேண்டும், காறித் துப்ப வேண்டும், சங்கிலியை இழுத்து மாட்ட வேண்டும், அப்புறம்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நிறுத்துடி என்றேன்.

அவள் கேட்டின் பக்கம் திரும்பவே இல்லை. கல் என்றாள். டயர் அதை விழுங்கியது. இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னேன், முதுகில் தட்டினேன். அவள் வேகத்தைக் குறைக்காமல் மிதித்துக்கொண்டே போனாள். வீடு, தொட்டி, அடுத்த கேட், எல்லாம் பின்னால் போயிற்று.

பின் சீட்டுக்குப் பிரேக் கிடையாது. நானும் மிதித்தேன்.